உழுதவன் கணக்குப் பார்த்தால்...

2014-ம் ஆண்டு தை மாதம். அமெரிக்காவில் கூடைப் பந்து ஆட்டத்துக்கு ஒரே ராஜா, இண்டியானா பேசர்ஸ் கோஷ்டி! 40 ஆட்டம் ஆடி 33-ல் வெற்றி. தோல்வி ஏழே ஏழு. இந்த வருஷம் பட்டம் இவர்களுக்குத்தான் என்று ரசிகர்கள் அடித்துப் பேசினார்கள்.

பங்குனி முடிவதற்குள் எல்லாம் தலைகீழ்!

ஏப்ரல் 6-ந் தேதி. சொந்த ஊர், சொந்த மைதானம், சொந்த ரசிகர்கள். எதிரே நின்றது அட்லாண்டா கோஷ்டி. அந்த ஆண்டு ஜெயித்ததைவிடத் தோற்றதே அதிகம் என்ற நிலையில் இருந்த கோஷ்டி அது. பாதி ஆட்டம் முடிந்தது. எல்லோரும் எண்ணிக்கைப் பலகையைப் பார்த்தார்கள். அட்லாண்டா 55; பேசர்ஸ் 23! முதல் பாதியில் இவ்வளவு குறைவான பாயிண்டு எடுத்தது அந்தக் கோஷ்டியின் சரித்திரத்திலேயே கிடையாது.

யாருக்கும் கை கால் முறியவில்லை. யாரும் ஆஸ்பத்திரியில் படுக்கவில்லை. தை மாதத்தில் ஜெயித்த அதே ஐந்து பேர்தான் பங்குனியிலும் ஆடினார்கள். பின் என்ன ஆயிற்று?

கூடைப் பந்து ரசிகர்கள் இன்றுவரை விவாதிக்கும் கேள்வி இது. ஆனால் இதற்கு விடை தேட வேண்டியவர்கள் கூடைப் பந்து ரசிகர்கள் மட்டும் அல்ல. நாலு பேர் சேர்ந்து ஒரு காரியம் செய்கிற இடத்தில் எல்லாம் இந்தக் கதை நடக்கக் கூடும்.

பந்துப் பைத்தியம் பிடித்த மாநிலம்

இண்டியானா மாநிலத்துக்குக் கூடைப் பந்து என்றால் உயிர். 1954-ல் மைலான் என்ற சின்ன ஊரின் பள்ளிக்கூடம் மாநில சாம்பியன் ஆனது. அந்தப் பள்ளியில் மொத்தம் படித்தவர்களே 161 பேர். பெரிய நகரத்துப் பள்ளியை இறுதி ஆட்டத்தில் 32-30 என்று அந்தப் பையன்கள் வென்ற கதையை அந்த மாநிலத்தார் இன்னும் பேரப் பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள்.

அந்த மாநிலத்தின் தலைநகரான இண்டியானாபோலிஸில் 1967-ல் பேசர்ஸ் கோஷ்டி பிறந்தது. 1976-ல் என்.பி.ஏ. என்கிற பெரிய லீகில் சேர்ந்தது. அந்த லீகின் சாம்பியன் பட்டம் மட்டும் அதற்குக் கிட்டவே இல்லை. 2000-ல் இறுதிச் சுற்று வரை போய்த் தோற்றுத் திரும்பியது.

எனவே 2013-ல் ஓர் இளம் கோஷ்டி எழுந்து நின்றபோது ஊரே எழுந்து நின்றது. பால் ஜார்ஜ், டேவிட் வெஸ்ட், ராய் ஹிப்பர்ட், ஜார்ஜ் ஹில், லான்ஸ் ஸ்டீஃபன்சன் என்று ஐந்து பேர். கோடி கோடியாகக் கொட்டி விலைக்கு வாங்கிய நட்சத்திரங்கள் அல்லர். ஜார்ஜ் இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் வரிசையில் பத்தாவதாக வந்தவர். ஹிப்பர்ட் பதினேழாவது. ஸ்டீஃபன்சன் நாற்பதாவது! ஹில் உள்ளூர்ப் பையன். இவர்களை லாரி பெர்டு என்ற பழைய மேதை நிர்வாகியாக இருந்து சேர்த்தார். ஃபிராங்க் வோகல் பயிற்சியளித்தார்.

2013-ல் இவர்கள் கிழக்குப் பிரிவின் இறுதிச் சுற்றில் மயாமி ஹீட் கோஷ்டியை எதிர்த்தார்கள். லெப்ரான் ஜேம்ஸ் ஆடிய கோஷ்டி அது. ஏழு ஆட்டங்களில் நாலில் ஜெயிப்பவருக்கு வெற்றி. ஆறு ஆட்டம் முடிந்தபோது மூன்றுக்கு மூன்று! ஏழாவது ஆட்டம் மயாமி நகரத்தில் நடந்தது. ரசிகர்களின் கூச்சல் காதைப் பிளந்தது. பேசர்ஸ் 99-76 என்று தோற்றது.

அப்போது எடுத்த சங்கற்பம் இது: அடுத்த வருஷம் பிரிவிலேயே முதல் இடத்தைப் பிடிப்போம், முதல் இடம் பிடித்தவர் ஊரில்தான் ஏழாவது ஆட்டம் நடக்கும், அதை நம் ஊரில் வைத்து ஆடுவோம்.

நல்ல சங்கற்பம்தான். ஆனால் வினையும் அங்கேதான் ஒளிந்திருந்தது.

ஐந்து பேர் கட்டிய சுவர்

பேசர்ஸ் கோஷ்டி கூடையில் பந்து போடுவதில் பெரிய சூரர்கள் அல்லர். அந்த வகையில் லீகில் நடுத்தரத்துக்கும் கீழே. அவர்களுடைய பலம் தடுப்பு ஆட்டம். அதில் அவர்களுக்கு இணை அந்த வருஷம் யாரும் இல்லை.

இந்தத் தடுப்பு எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். விஷயமே அதில்தான் இருக்கிறது.

எதிராளியின் கெட்டிக்கார ஆட்டக்காரரோடு பால் ஜார்ஜ் ஒட்டிக்கொள்வார். தப்பிப் போனால் போகட்டும் என்று துணிந்து நெருங்குவார். அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது? பின்னால் ஹிப்பர்ட் நிற்கிறார் என்ற தைரியம்! 7 அடி 2 அங்குல உயரம். கூடைக்கு முன்னால் கோபுரம் மாதிரி நிற்பார். நேராக மேலே எம்பி, இரண்டு கைகளையும் செங்குத்தாகத் தூக்குவார். அப்படி எம்புகிறவர் மேல் எதிராளி வந்து மோதினால், தடுத்தவர் மீது குற்றம் இல்லை என்பது ஆட்ட விதி. அந்த விதியை அவரைப் போல் பயன்படுத்தியவர் அப்போது யாரும் இல்லை.

ஆனால் ஹிப்பர்ட் தன் எதிராளியை விட்டு விலகி வந்தால்தானே குறுக்கே நிற்க முடியும்? அவர் விட்ட ஆளை வெஸ்ட் பிடிக்க வேண்டும். வெஸ்ட் விட்ட ஆளை ஸ்டீஃபன்சனோ ஹில்லோ ஓடிப் பிடிக்க வேண்டும். ஒருவர் விட்ட இடத்தை இன்னொருவர் அடைக்க வேண்டும். அதுவும் கண் சிமிட்டும் நேரத்தில்! ஓடலாமா, வேண்டாமா என்று யோசித்தால் காரியம் கெட்டது.

இந்த ஓட்டத்துக்கு ஆட்டக் கணக்கில் இடமே கிடையாது. கூடையில் பந்து போட்டால் இரண்டு பாயிண்டு என்று எழுதுவார்கள். தோழன் விட்ட இடத்தை அடைக்க ஓடியதற்கு யார் எழுதுவார்? பத்திரிகையில் பேர் வராது. சம்பளமும் உயராது. தோழனுக்காகச் செய்கிற வேலை அது. தோழனும் நமக்காகச் செய்வான் என்ற நம்பிக்கையில் செய்கிற வேலை. அந்த நம்பிக்கையில் நின்ற சுவர்தான் பேசர்ஸ் கோஷ்டி.

சரிவு

33 வெற்றி, 7 தோல்வி என்று இருந்தவர்கள் அடுத்த 14 ஆட்டத்தில் 8 ஜெயித்து 6 தோற்றார்கள். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மார்ச் 2-ந் தேதி 46 வெற்றி, 13 தோல்வி. பிறகு வரிசையாக நாலு தோல்வி. கடைசி 23 ஆட்டத்தில் வெற்றி பத்து, தோல்வி பதின்மூன்று. உள்ளூர் ஆட்டம் 41-ல் 35 ஜெயித்தவர்கள், வெளியூர் ஆட்டம் 41-ல் ஜெயித்தது 21 மட்டும்.

மார்ச் 28-ந் தேதி வாஷிங்டனில் தோற்ற இரவு, ஹிப்பர்ட் நிருபர்களிடம் மனம் வெறுத்துப் பேசினார். கோஷ்டியில் சிலர் சுயநலக்காரர்களாக இருக்கிறார்கள் என்றார். யார் அவர்கள் என்று பேரைச் சொல்லவில்லை. பேர் சொல்லாத குற்றச்சாட்டு எல்லோர் மீதும் விழுந்தது.

ஆளுக்கு ஒரு காரணம்

ஏன் இந்தச் சரிவு? ஆளுக்கு ஒரு காரணம் சொல்கிறார்கள்.

முதல் காரணம், டானி கிரேஞ்சரை மாற்றியது. கிரேஞ்சர் 2005-லிருந்து அந்தக் கோஷ்டியில் ஆடியவர். கோஷ்டி கஷ்டப்பட்ட காலத்தில் தாங்கியவர். முழங்கால் கெட்டு, பழைய ஆட்டம் போய்விட்டது. ஓர் ஆட்டத்துக்கு எட்டு பாயிண்டுதான் எடுத்துக்கொண்டிருந்தார். 2014 பிப்ரவரி 20-ந் தேதி அவரை பிலடெல்பியாவுக்கு அனுப்பி, இவான் டர்னரை வாங்கினார் பெர்டு. டர்னர் அங்கே ஆட்டத்துக்குப் பதினேழு பாயிண்டு எடுத்துக்கொண்டிருந்தவர். காகிதத்தில் ஒன்பது பாயிண்டு லாபம்! ஆனால் வீட்டில் மூத்த அண்ணனை வெளியே அனுப்பியது போல் ஆகிவிட்டது என்கிறார்கள்.

இந்த வாதத்தில் ஓர் ஓட்டை உண்டு. கிரேஞ்சர் இருந்தபோதே சரிவு தொடங்கிவிட்டது. அவர் போன பிறகு ஐந்து ஆட்டம் தொடர்ந்து வெற்றி! ஆனால் அந்த வெற்றிகளையும் உரசிப் பார்க்க வேண்டும். மில்வாக்கி இரண்டு தடவை, லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ், பாஸ்டன், யூட்டா ஆகியவை அந்த வருஷம் லீகின் அடிமட்டத்தில் கிடந்த கோஷ்டிகள். அவர்களை ஜெயித்தது நோயை மறைத்ததே தவிர, குணப்படுத்தவில்லை.

இரண்டாவது காரணம், ஆண்ட்ரூ பைனம். ஹிப்பர்ட் ஆடும் இடத்திலேயே ஆடுகிறவர். பிப்ரவரி முதல் தேதி இவரையும் எடுத்தார்கள். முழங்கால் வலியால் அவர் ஆடியது இரண்டே ஆட்டம். ஆனால் அவர் வந்ததே, உன் மேல் நம்பிக்கை இல்லை என்று ஹிப்பர்ட்டுக்குச் சொன்னது போல் ஆயிற்று என்பார்கள். இருக்கலாம். மனிதன் மனத்தை அளக்க முழக்கோல் இல்லை.

மூன்றாவது காரணம், களைப்பு. ஐவரும் ஒவ்வொருவராக 75-க்கு மேற்பட்ட ஆட்டம் ஆடினார்கள். இதில் உண்மை இருக்கிறது. முதல் இடத்தின் மேல் கண் வைத்துக்கொண்டு நடு ஸீஸனிலேயே முழு மூச்சும் வாங்க ஓடினார்கள். ஏப்ரல் 9-ந் தேதி வோகல் ஐவரையும் உட்கார வைத்துவிட்டு, மற்றவர்களை வைத்தே மில்வாக்கியை ஜெயித்தார். ஆனால் களைப்பு மட்டும் காரணம் என்றால் ஓய்வு மருந்தாகியிருக்க வேண்டும். ஆகவில்லையே!

நாலாவது காரணம், எதிரிகள் சூட்சுமத்தைக் கண்டுகொண்டார்கள். தூரத்திலிருந்து பந்து எறியத் தெரிந்த உயரமான ஆளை நிறுத்தி, ஹிப்பர்ட்டைக் கூடையை விட்டு வெளியே இழுத்தது அட்லாண்டா. கோபுரத்தை நகர்த்திவிட்டால் கோயில் காலிதானே? இது மிக நல்ல தந்திரம். ஆனால் எல்லோரும் அட்லாண்டா போல் ஆடவில்லை. மற்றவர்களிடமும் பேசர்ஸ் தோற்றதே!

கணக்கு தொடங்கிய இடம்

இவை ஒவ்வொன்றும் பாதி உண்மை. இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த நோய் வேறு. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது என்பார்களே, அந்த நோய்தான்.

தை மாதம் வரை யாரும் கணக்குப் பார்க்கவில்லை. வெற்றி மேல் வெற்றி வந்தது. புகழும் வந்தது. பிறகுதான் புகழைப் பங்கு போடும் கட்டம் வந்தது.

பிப்ரவரி மாதத்தில் ஆல்-ஸ்டார் ஆட்டம் நடக்கும். லீகின் மிகச் சிறந்தவர்களைப் பொறுக்கி எடுத்து ஆட வைப்பார்கள். பால் ஜார்ஜ் போனார். ஹிப்பர்ட் போனார். வோகல் பயிற்சியாளராகப் போனார். ஸ்டீஃபன்சனுக்கு அழைப்பு இல்லை! பாயிண்டு, மோதித் திரும்பும் பந்தைப் பிடித்தல், பந்தை எடுத்துக் கொடுத்தல் ஆகிய மூன்றிலும் ஒரே ஆட்டத்தில் இரட்டை இலக்கம் எடுப்பது பெரிய சாதனை. அந்த ஸீஸனில் ஐந்து தடவை அதைச் செய்து லீகில் முதலில் நின்றவர் அவர். அவருக்கு மனம் எப்படி இருந்திருக்கும்?

சம்பளத்தையும் பார்க்க வேண்டும். ஹிப்பர்ட்டுக்கு 4 வருஷத்துக்கு 5 கோடியே 80 லட்சம் டாலர் ஒப்பந்தம். ஹில்லுக்கு 5 வருஷத்துக்கு 4 கோடி. வெஸ்ட்டுக்கு 3 வருஷத்துக்கு 3 கோடியே 60 லட்சம். ஜார்ஜும் 2013-ல் பெரிய ஒப்பந்தம் போட்டுவிட்டார். ஸ்டீஃபன்சனுக்கு அந்த வருஷம் கிடைத்தது ஏறத்தாழ 10 லட்சம் டாலர். அதுவும் ஒப்பந்தத்தின் கடைசி வருஷம். அடுத்த வருஷச் சம்பளத்தை நிர்ணயிப்பது அவர் எடுக்கும் பாயிண்டுகள்தான்!

அவர் பந்தைத் தன் கையில் அதிகமாக வைத்துக்கொண்டார் என்று குறை சொன்னார்கள். சொல்வது சுலபம். வயிறு நிறைந்தவர்கள் பசித்தவனைப் பார்த்து, கணக்குப் பார்க்காதே என்றால் அது நியாயமா?

புதிதாக வந்த டர்னருக்கும் அதுவே ஒப்பந்தத்தின் கடைசி வருஷம். ஒரே இடத்தில் ஆடுகிற இரண்டு பேர். இருவருக்கும் பேர் எடுத்தாக வேண்டிய கட்டாயம். முக்கியச் சுற்றுகள் தொடங்கும் தறுவாயில் இவர்கள் இருவருக்கும் பயிற்சியின்போது கைகலப்பே நடந்ததாகப் பத்திரிகைகளில் செய்தி வந்தது.

ஹிப்பர்ட் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. அவர் செய்வது பெரும்பாலும் பேர் எழுதாத வேலை. அதற்குப் பதிலாக அவர் எதிர்பார்த்தது எப்போதாவது தன் கைக்குப் பந்து வர வேண்டும் என்பதுதான். பந்து வருவது குறைந்தது. அவருடைய மனமும் சுருங்கியது. மனம் சுருங்கியதும் ஓட்டம் சுருங்கியது. கோபுரம் அரை நொடி தாமதமாக நகர்ந்தால், முன்னால் நிற்பவருக்கு நெருங்கத் துணிச்சல் போய்விடும். ஒருவர் கை தளர்ந்தால் வடமே தளரும். ஊர் கூடி இழுத்தால்தானே தேர் நகரும்?

ஒன்றைச் சொல்ல வேண்டும். கணக்கு முதலில் தொடங்கியது ஆட்டக்காரர்களிடம் அல்ல. எட்டைக் கொடுத்துப் பதினேழை வாங்கியது மேலிடம்! பெரியவர்கள் காகிதத்தைப் பார்த்து ஆளை எடை போட்டால், சின்னவர்கள் தங்கள் காகிதத்தைப் பார்க்க மாட்டார்களா? பெர்டின் கணக்கு தப்பில்லை. ஆனால் அந்தக் காகிதத்தில், விட்ட இடத்தை அடைக்க ஓடும் ஓட்டத்துக்குக் கட்டமே கிடையாது. அந்த ஓட்டத்தால் மட்டுமே வாழ்ந்த கோஷ்டிக்கு அது பெரிய நஷ்டம்.

வராமலே போன ஏழாவது ஆட்டம்

வேடிக்கை என்ன தெரியுமா? இத்தனை சரிந்தும் ஆசைப்பட்ட முதல் இடம் கிடைத்துவிட்டது! மயாமியும் தடுமாறியதால் 56 வெற்றியோடு பேசர்ஸ் முதலிடம். 54 வெற்றியோடு மயாமி இரண்டாமிடம்.

முதல் சுற்றில் எதிரே வந்தது எட்டாவது இடத்தில் இருந்த அட்லாண்டா. 38 வெற்றி, 44 தோல்வி. அந்தக் கோஷ்டியிடம் பேசர்ஸ் மூன்று ஆட்டம் தோற்று, ஏழாவது ஆட்டத்தில்தான் தப்பிப் பிழைத்தது. அந்தச் சுற்றின் ஐந்தாவது, ஆறாவது ஆட்டங்களில் ஹிப்பர்ட் எடுத்தது பூஜ்யம். அடுத்த சுற்றில் வாஷிங்டனோடு ஆடிய முதல் ஆட்டத்திலும் பூஜ்யம்!

அப்போது பால் ஜார்ஜ் ஒரு காரியம் செய்தார். ஹிப்பர்ட்டை மீன் பிடிக்க அழைத்துக்கொண்டு போனார். ஜார்ஜுக்குத் தூண்டில் போடுவதில் வெகு பிரியம். அடுத்த ஆட்டத்தில் ஹிப்பர்ட் 28 பாயிண்டு எடுத்தார்!

மீன் பிடித்ததால்தான் பாயிண்டு வந்தது என்று சொன்னால் சிரிப்பார்கள். ஆனாலும் யோசிக்கலாம். மூன்று மாதமாக அந்தக் கோஷ்டிக்குச் செய்த வைத்தியம் எல்லாம் என்ன? ஆளை மாற்றினார்கள், ஆளைச் சேர்த்தார்கள், ஓய்வு கொடுத்தார்கள். ஒரு தோழன் இன்னொரு தோழன் பக்கத்தில் போய் உட்கார்ந்தது இந்த ஒரு தடவைதான் ஊர் அறிய நடந்தது.

வாஷிங்டனை ஜெயித்து மறுபடி மயாமியை எதிர்த்தார்கள். ஐந்தாவது ஆட்டத்தில் ஸ்டீஃபன்சன் லெப்ரான் ஜேம்ஸின் காதில் ஊதியது உலகம் முழுவதும் சிரிப்பாய்ச் சிரித்தது. அந்த ஆட்டம் 93-90 என்று பேசர்ஸுக்குத்தான் வெற்றி. ஆனால் ஆறாவது ஆட்டம் மே 30-ந் தேதி மயாமியில். 117-92! கதை முடிந்தது. எந்த ஏழாவது ஆட்டத்துக்காக வருஷம் முழுவதும் மூச்சைப் பிடித்து ஓடினார்களோ, அந்த ஏழாவது ஆட்டம் வரவே இல்லை.

மிஞ்சியது என்ன?

அந்தக் கோடையில் பேசர்ஸ், ஸ்டீஃபன்சனுக்கு 5 வருஷத்துக்கு 4 கோடியே 40 லட்சம் டாலர் தருவதாகச் சொன்னது. அவர் மறுத்துவிட்டு, 3 வருஷத்துக்கு 2 கோடியே 70 லட்சம் என்று சார்லட் கோஷ்டிக்குப் போனார். வருஷக் கணக்கில் வகுத்துப் பார்த்தால் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான்! சார்லட்டில் சோபிக்கவில்லை, ஒரே வருஷத்தில் அங்கிருந்தும் மாற்றப்பட்டார். 2014 ஆகஸ்ட் முதல் தேதி ஜார்ஜ் பயிற்சி ஆட்டத்தில் கால் முறிந்தார். 2015-ல் ஹிப்பர்ட்டும் வெஸ்ட்டும் விலகினார்கள். இடையில் 2014-15 ஸீஸனில் பேசர்ஸ் எடுத்தது 38 வெற்றி, 44 தோல்வி. முந்திய வருஷம் அட்லாண்டா எடுத்த அதே எண்ணிக்கை!

அதே ஊர் 2025-ல் வேறொரு காட்சி கண்டது. அந்த ஸீஸனில் புதிய பேசர்ஸ் கோஷ்டி, முதல் 25 ஆட்டத்தில் 15 தோற்றது. யாரும் சீந்தவில்லை. பிறகு எழுந்து 50 வெற்றி எடுத்து, இறுதிச் சுற்று வரை போய், ஓக்லஹாமா சிட்டியிடம் ஏழாவது ஆட்டத்தில்தான் தோற்றது. தையில் ஜெயித்தவர்கள் பங்குனியில் சரியலாம். ஆரம்பத்தில் தோற்றவர்கள் கடைசியில் நிமிரலாம்.

கோஷ்டி நடத்துகிறவர்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. அது ஆட்டக் கோஷ்டியாக இருக்கட்டும், ஆபீஸாக இருக்கட்டும், அச்சுக்கூடமாக இருக்கட்டும். தோற்கும்போது சங்கம் உடையாது; துன்பம் ஒன்று சேர்க்கும். ஜெயித்துப் புகழ் வந்து, அதைப் பங்கு போடும்போதுதான் ஆபத்து. அந்தச் சமயத்தில் யார் பேர் விட்டுப் போயிற்று, யாருக்குக் கூலி குறைந்தது, யார் கணக்கில் வராத வேலையைச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கிறான் என்று தலைவன் தேடிப் போய்ப் பார்க்க வேண்டும். அவனாக வந்து கேட்கும்வரை காத்திருந்தால், அதற்குள் அவன் தன் கணக்கைத் தானே எழுதத் தொடங்கியிருப்பான்.

பேசர்ஸ் கோஷ்டியில் அந்தத் தூண்டிலை மே மாதத்தில் எடுத்தார்கள். பிப்ரவரியில் எடுத்திருக்க வேண்டும்!